என்ஜின் நின்ற பிறகும் 3000

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டின் இரண்டாவது ரிவ்யூவில் டிஸ்ப்ளேயில் வந்த நம்பர் பொய். நாங்கள் வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. ஆனால் பொய் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு மார்க் வாங்கிக்கொண்டோம். அதை நீங்கள் என்ன பெயரிட்டு வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

ப்ராஜெக்ட் ரொம்ப பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மெக்கானிக்கல் லேபில் ஸ்டாண்டில் ஏற்றி வைத்த பழைய பைக் என்ஜின் ஒன்று இருக்கிறது. அதன் வேகத்தை, அதாவது ஆர்பிஎம்மை, அளந்து காட்ட வேண்டும். அதே மீட்டரை ஹால் சென்சார் வைத்த மோட்டாரிலும், ஐஆர் சென்சார் வைத்த ஃபேனிலும் மாட்டிக் காட்ட வேண்டும். "எந்த சென்சார் வந்தாலும் வேலை செய்யும் யுனிவர்சல் டாக்கோமீட்டர்" என்று முதல் ரிவ்யூவில் பெருமையாகத் தலைப்பு வைத்தோம். அந்த "எந்த சென்சார் வந்தாலும்" என்ற மூன்று வார்த்தைதான் மொத்த வேலையும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நினைத்தது, மொத்த வேலையும் கோடு என்று.

என்ஜினில் இருந்தது ஒரு பிக்கப் காயில். காந்தத்தின் மேல் சுற்றிய கம்பி, அவ்வளவுதான். ஃப்ளைவீலில் இருக்கும் இரும்பு மேடு அதைக் கடக்கும்போது ஒரு சின்ன துடிப்பு வரும். ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. அதை ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஆர்டுயினோ ஊனோவின் பின்னில் நேராகக் கொடுத்தோம். இன்டரப்ட் எழுதினோம். மெதுவாக ஓடினால் 0 காட்டியது. நடு வேகத்தில் சரியாகக் காட்டியது. முறுக்கினால் 7000, 9000, 4000 என்று கண்டபடி குதித்தது.

"மச்சி, இது நாய்ஸ்டா. கோடுல பாத்துக்கலாம்" என்றான் என் டீம்மேட். ஒரு துடிப்பு வந்த பிறகு 15 மில்லி செகண்டுக்கு வேறு எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று இரண்டு வரி சேர்த்தான். கூடவே கடைசி பத்து ரீடிங்கின் சராசரி. உடனே டிஸ்ப்ளே அமைதியாகிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் கேன்டீனுக்குப் போய் ட்ரீட் வைத்துக்கொண்டோம்.

ரிவ்யூ நாளில் என்ஜினை ஸ்டார்ட் செய்து த்ராட்டிலைப் பாதியில் பிடித்தோம். டிஸ்ப்ளேயில் 3000, பக்கத்தில் கொஞ்சம் 2996, மறுபடி 3000. கமிட்டியில் இருந்த மேம் "வெரி ஸ்டேபிள்" என்றார். என்ஜினை ஆஃப் செய்தோம். சத்தம் நின்றது. டிஸ்ப்ளேயில் 3000.

அதைப் பார்த்தது நான் மட்டும்தான். சட்டென்று யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டேன். "ஓகே, நெக்ஸ்ட் டீம்."

அன்று சாயங்காலம் பார்த்தால் காயிலில் இருந்து வரும் வயர் சால்டர் விட்டுப்போய் தொங்கிக்கொண்டிருந்தது. அதாவது ரிவ்யூவின்போது எங்கள் மீட்டருக்கும் என்ஜினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த 3000 எங்கிருந்து வந்தது?

ஸ்கோப் ப்ரோபின் நுனியை விரலால் தொட்டால் திரையில் ஒரு பெரிய அலை வரும் இல்லையா? ஃபர்ஸ்ட் இயரில் எல்லோரும் செய்து விளையாடியதுதான். சுவரில் ஓடும் கரண்டு நம் உடம்பின் வழியாகக் கசிந்து வருவது. எங்கள் இரண்டு மீட்டர் வயர், மறுமுனை எதிலும் சேராமல், அந்த விரலின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. நம் ஊர் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 50 துடிப்பு, நிமிடத்துக்கு 3000. நாங்கள் அளந்தது என்ஜினை இல்லை, மின்வாரியத்தை.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. அந்த 15 மில்லி செகண்ட் வரி இல்லாமல் இருந்திருந்தால், டிஸ்ப்ளே குப்பையாகக் குதித்திருக்கும். ஏதோ தப்பு என்று அங்கேயே தெரிந்திருக்கும். அந்த வரிதான் குப்பையை எல்லாம் கத்தரித்து, 20 மில்லி செகண்டுக்கு ஒன்று என்று அழகாக அடுக்கிக் கொடுத்தது. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். 15 மில்லி செகண்ட் என்றால் 4000 ஆர்பிஎம்முக்கு மேல் அந்த மீட்டரால் பார்க்கவே முடியாது. என்ஜின் உண்மையில் 6000-ல் ஓடினால் 10 மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு. ஒன்றை எண்ணும், அடுத்ததை விட்டுவிடும், அதற்கு அடுத்ததை எண்ணும். காட்டுவது? மறுபடியும் 3000. அதுவும் ரொம்ப ஸ்டேபிளாக.

இதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம் டிபார்ட்மெண்டில் (நான் படிப்பது ஈசிஈ, அதுதான் கூடுதல் கேவலம்) "கோடுல பாத்துக்கலாம்" என்பது ஒரு பழக்கமாகிவிட்டது. சிக்னல் பின்னுக்குள் நுழைவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், நுழைந்த பிறகு சுத்தம் செய்கிறோம். டிஜிட்டல் பின் என்பது ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கும் வாட்ச்மேன் மாதிரி. ஊனோவில் 5 வோல்ட்டுக்கு, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிச்சயம் 1, 1.5-க்குக் கீழே என்றால் நிச்சயம் 0. வந்தது 3.1 வோல்ட் நாய்ஸா, 40 வோல்ட் நிஜத் துடிப்பா என்பதை அது கேட்காது. கேட்காத விவரம் உள்ளே வராது. உள்ளே வராததை எந்த கோடாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இங்கே ஒருத்தர் கை தூக்குவார் என்று தெரியும். "ஏடிசி-ல எடுத்து சாஃப்ட்வேர்லயே த்ரெஷோல்ட் வைக்கலாமே ப்ரோ?" வைக்கலாம். அது நியாயமான வழிதான், ஏனென்றால் ஏடிசி வோல்ட்டேஜை அளக்கிறது. ஆனால் 40 வோல்ட்டை ஏடிசி பின்னில் கொடுத்துப் பாருங்கள், புது ஊனோ வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டியிருக்கும். அந்த வழியிலும் பின்னுக்கு முன்னால் ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

சரி, அந்த "ஏதாவது" என்ன?

லேபில் வேலை செய்யும் அண்ணாதான் வழி காட்டினார். நாங்கள் கோடைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, "தம்பி, அந்தக் காயில ஸ்கோப்ல வச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. மூன்று மாத ப்ராஜெக்டில் சிக்னலை ஒரு தடவைகூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை.

பார்த்தோம். கிக்கரை மெதுவாக மிதித்தால் அரை வோல்ட்கூட இல்லை. த்ராட்டிலை முறுக்கினால் 40 வோல்ட்டைத் தாண்டியது. காரணம் நாம் பள்ளியிலேயே படித்ததுதான்: காயிலில் வரும் வோல்ட்டேஜ் காந்தப் பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. வேகம் பத்து மடங்கானால் வோல்ட்டேஜும் ஏறக்குறைய பத்து மடங்கு. ஃபாரடே விதியை எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த விதி நம் பின்னை எரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதன் மேல் ஸ்பார்க் பிளக் அடிக்கும்போதெல்லாம் ஊசி ஊசியாக நாய்ஸ்.

ஆக, கொசு மாதிரி வந்தாலும் யானை மாதிரி வந்தாலும், வெளியே போகும்போது 0 அல்லது 5 வோல்ட் என்று நேர் கோடாக வெட்டிய சதுர அலையாகப் போக வேண்டும்.

முதல் வேலை யானையை அடக்குவது. 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு, அதற்கு அப்புறம் இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிராகப் போட்டோம். 40 வோல்ட் வந்தாலும் ஒரு மில்லி ஆம்பியருக்குக் குறைவாகத்தான் ஓடும். டயோடுகள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறத்தாழ 0.7 வோல்ட்டோடு நிறுத்திவிடும். அரை வோல்ட் கொசு எந்தத் தடையும் இல்லாமல் அப்படியே கடந்துவிடும். அங்கே ஒரு நானோ ஃபாரட் கெபாசிட்டரையும் போட்டோம், 3.4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ஊசிகள் மழுங்கிவிடும். எங்கள் சிக்னல் நூறு, இருநூறு ஹெர்ட்ஸைத் தாண்டப் போவதில்லை என்பதால் அதற்கு நஷ்டமில்லை.

அடுத்து கம்பேரேட்டர், எல்எம்393. விலை ஒரு டீ, ஒரு வடை. இதில் நாங்கள் விழுந்த குழி ஒன்று: சிங்கிள் சப்ளையில் ஓடும்போது இதன் இன்புட் கிரவுண்டுக்கு 0.3 வோல்ட்டுக்கு மேல் கீழே போகக் கூடாது. காயிலின் துடிப்போ மேலும் கீழும் போகும். அதனால் காயிலின் ஒரு முனையை கிரவுண்டில் கட்டாமல் 2.5 வோல்ட்டில் கட்டினோம், டயோடுகளையும் அந்த 2.5-ஐச் சுற்றியே போட்டோம். சிக்னல் 1.8-க்கும் 3.2-க்கும் நடுவில் ஆடும். எல்எம்393-க்கு 5 வோல்ட்டில் 3.5 வரை சம்மதம். (எங்கள் காயிலில் இரண்டு வயரும் தனியாக வெளியே வந்ததால் இது நடந்தது. உங்கள் என்ஜினில் ஒரு முனை பாடியோடு சேர்ந்திருந்தால் இப்படிச் செய்யாதீர்கள்.)

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். சும்மா 2.5-க்கு மேலே போனால் 1, கீழே போனால் 0 என்று வைத்தால் என்ன ஆகும்? சிக்னல் அந்தக் கோட்டைக் கடக்கும் நேரத்தில் நாய்ஸ் அதை நாலு தடவை மேலும் கீழும் தள்ளும். ஒரு துடிப்பு நாலாகிவிடும். அதனால் மேலே ஏற ஒரு கோடு, கீழே இறங்க வேறொரு கோடு. ஒருமுறை முடிவெடுத்தால், அதை மாற்ற நல்ல காரணம் வேண்டும். இதற்குப் பெயர் ஹிஸ்டெரிசிஸ்.

நான் எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். இந்த வார்த்தையை மூன்று வருஷமாக ஸ்பெல்லிங் பிசகாமல் எழுதியிருக்கிறேன், என்ன என்று கேட்டால் ஒரு லூப் படம் வரைந்து காட்டுவேன். என் ரூம்மேட் தமிழ் மீடியம். "அது தயக்கம் தானடா, காந்தத் தயக்கம், தயக்கக் கண்ணி, ப்ளஸ் டூல வருமே" என்றான். தயக்கம்! ஆமாம், அதுதானே. கம்பேரேட்டர் உடனே பல்டி அடிக்காமல் கொஞ்சம் தயங்குகிறது. மூன்று வருஷம் எனக்குள் நுழையாத விஷயம் அந்த ஒரு வார்த்தையில் நுழைந்தது. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், இன்னொரு இதழில்.

தயக்கம் எவ்வளவு என்பதை இரண்டு ரெசிஸ்டர் முடிவு செய்யும். 2.5 வோல்ட் ரெஃபரன்சை 10 கிலோ ஓம் வழியாகக் கொடுத்து, அவுட்புட்டில் இருந்து 1 மெகா ஓமை அதே பின்னுக்குத் திருப்பினால், 5 வோல்ட்டை 1010-ல் 10 பங்கு: சுமார் 50 மில்லி வோல்ட். போட்டுப் பார்த்தோம். கிக்கரை மெதுவாக மிதித்தாலும் எண்ணியது, சந்தோஷம். முறுக்கினால் மறுபடி 9000. சரி, 1 மெகாவை எடுத்துவிட்டு 100 கிலோ போட்டோம், தயக்கம் 0.45 வோல்ட். முறுக்கினால் அருமை. கிக்கர் மிதித்தால் எதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில் யாராலும் உங்களுக்கு "சரியான விடை" தர முடியாது. தயக்கம் அதிகமானால் காது மந்தம், குறைந்தால் எல்லாவற்றுக்கும் பதறும். நாங்கள் 220 கிலோவில் போய் நின்றோம், 0.2 வோல்ட் சொச்சம். மெல்ல மிதித்தால் காட்டாது, ஐடிலில் இருந்து மேலே எல்லாம் காட்டும். எங்களுக்கு அது போதும் என்று நாங்கள் முடிவு செய்தோம். நாலு வருஷத்தில் நானாக எடுத்த முதல் டிசைன் முடிவு அது என்றால் மிகையில்லை. இதே பிரச்சினைக்கென்றே எல்எம்1815 என்று ஒரு ஐசி இருக்கிறது, சிக்னல் பெரிதாக ஆக தன் கோட்டையும் தானே உயர்த்திக்கொள்ளும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மாட்டிவிட்டு, ஏன் என்று புரியாமலே போயிருப்பேன்.

வயர் அறுந்தால் 3000 காட்டும் கதைக்கும் ஒரு முடிவு வேண்டுமே. காயில் வயர் போர்டுக்குள் நுழையும் இடத்தில், காயிலுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம். வயரில் ஏறும் மெயின்ஸ் கசிவு மைக்ரோ ஆம்பியர் கணக்கு, 10 கிலோவில் சில மில்லி வோல்ட்டுக்கு மேல் எழாது, 0.2-ன் பக்கத்திலேயே வர முடியாது. ஒரு ரெசிஸ்டர். அது மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால்.

மற்ற இரண்டு சென்சார்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹால் சென்சார் நல்ல பிள்ளை. ஒரு புல்-அப் போட்டு 74எச்சி14 கேட் ஒன்று வழியாக விட்டால் முடிந்தது. ஆனால் "எல்லா சிக்னலுக்கும் பொதுவாக இருக்கட்டும்" என்று நடுவில் கெபாசிட்டர் போட்டுவிடாதீர்கள், மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அது வடிந்துபோய் அவுட்புட் தானாகவே விழுந்துவிடும். நாங்கள் போட்டோம், விழுந்தது. ஐஆர் சென்சார் மாட்யூலில் எல்எம்393 ஏற்கெனவே இருந்தது, நீலக் கலர் ப்ரீசெட்டும் இருந்தது, தயக்கம் மட்டும் இல்லை. ஃபேனை மெதுவாகக் கையால் சுற்றினால் ஒரு வெள்ளைக் கோட்டுக்கு ஐந்தாறு எண்ணியது. போதாததற்கு லேபின் பழைய சோக் ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஃபேன் நிற்கும்போது அது 6000 ஆர்பிஎம். எங்கள் பழைய கோடில் அது எவ்வளவு காட்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி என் புகார். நாம் எல்லோரும் லேபில் ஷ்மிட் ட்ரிகர் செய்திருக்கிறோம். 741 ஒன்று, ப்ளஸ் மைனஸ் 15 வோல்ட், ஃபங்ஷன் ஜெனரேட்டரில் இருந்து வழவழவென்று ஒரு சைன் அலை. யூடிபி, எல்டிபி அளந்து ரெக்கார்டில் எழுது. சீனியர் ரெக்கார்டில் என்ன இருக்கிறதோ அதன் பக்கத்தில் ரீடிங் வந்தால் போதும். நான் அளந்தேனா என்றே எனக்கு ஞாபகம் இல்லை. பிரச்சினை என்னவென்றால், அந்த எக்ஸ்பெரிமெண்டில் ஷ்மிட் ட்ரிகர் தேவையே இல்லை. சுத்தமான சைன் அலைக்கு எந்தக் கம்பேரேட்டரும் போதும். மழையே பெய்யாத இடத்தில் குடை பிடித்துக் காட்டுகிறார்கள், நாமும் குடையின் நீளத்தை அளந்து எழுதிவிட்டு வருகிறோம்.

ஒரு சின்ன மாற்றம் போதும். அதே லேபில், அதே மூன்று மணி நேரத்தில், ஃபங்ஷன் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு ஒரு சைக்கிள் டைனமோவைக் கொடுக்கட்டும். கையால் சுற்று, மெதுவாகவும் வேகமாகவும். பக்கத்தில் ஒரு ட்ரில் மெஷின் ஓடட்டும். கவுண்டரில் சரியாக எண்ணிக் காட்டு. எத்தனை பேருக்கு வராது என்று பாருங்கள். வராமல் போவதில்தானே படிப்பு இருக்கிறது? ஆனால் வராமல் போனால் ரெக்கார்டில் எழுத முடியாது, அதனால் வரக்கூடியதையே வைத்திருக்கிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அறுபது பேர், பன்னிரண்டு டேபிள், அதில் வேலை செய்யும் ஸ்கோப் ஏழு. எனக்கும் தெரியும்.

"எனக்கு ஐடி கம்பெனில ஆஃபர் வந்தாச்சு, டயோடு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: எனக்கும் வந்தாச்சு. ஜூலையில் ஜாயினிங். வாழ்க்கையில் இனி நான் எல்எம்393-ஐத் தொடாமலே போகலாம். ஆனால் அங்கேயும் யாரோ அனுப்பும் டேட்டாவை வைத்துத்தான் வேலை செய்யப் போகிறோம். அழகாக, ஸ்டேபிளாக ஒரு நம்பர் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் புத்தி எனக்கு ரிவ்யூ நாளுக்கு முன்னால் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது.

ஷ்மிட் ட்ரிகரின் ஷ்மிட் யார் என்று வைவாவில் யாரும் கேட்பதில்லை. ஓட்டோ ஷ்மிட், அமெரிக்கர். 1934-ல், செயின்ட் லூயிஸில் மாணவராக இருந்தபோது, கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பும் அப்படித்தான், ஒரு எல்லையைத் தாண்டும் வரை சும்மா இருக்கும், தாண்டினால் முழுசாக அடிக்கும். அதைப் பார்த்து வேக்குவம் ட்யூபில் இந்தச் சர்க்யூட்டைச் செய்தார். 1938-ல் அதைப் பற்றிய பேப்பர் வெளிவந்தது. அவர் பிறந்தது 1913-ல். அதாவது அப்போது அவருக்கும் 21 வயது. அந்த வயதில் நான் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கைடு சாரிடம் போன வாரம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டாவது ரிவ்யூ மார்க்க நான் மாத்த முடியாது, மூணாவதுல கமிட்டி முன்னாடி நீயே சொல்லு" என்றார். டீம்மேட்டுக்கு இன்னும் என் மேல் கோபம். "யாருமே பாக்கலையேடா" என்கிறான். அவன் சொல்வதும் உண்மைதான், அவனுடைய மார்க்கும் இதில் இருக்கிறது, அதைக் கேட்காமல் நான் சொன்னது தப்புதான்.

மூன்றாவது ரிவ்யூ அடுத்த செவ்வாய். இந்த முறை என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மீட்டரை ஆன் செய்து, காயில் வயரைக் கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டு, டிஸ்ப்ளேயை மேம் பக்கம் திருப்பி வைக்கப் போகிறோம். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு லேபில் பார்த்தபோது 0 காட்டியது. பக்கத்தில் ட்ரில் மெஷினை ஓட்டினோம். அப்போதும் 0.